எட்டு மணி மாத்திரை

ஹேபெர் சில்வெய்ராவுக்குக் காது நன்றாகவே கேட்கும். காதில் விழுந்ததில் பாதியைத்தான் உள்ளே விடுவான், அவ்வளவுதான். பைசாந்தூ என்கிற ஊரில் முப்பத்தொரு வருடம் சலூன் நடத்தியவன். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மாட்டுச் சந்தையையும் மருமகளையும் முழங்கால் வலியையும் பற்றிக் கொட்டித் தீர்ப்பார்கள். இவன் கத்தரிச் சத்தத்தோடு சேர்த்து "ஆமா, ஆமா" என்று போட்டுக்கொண்டே இருப்பான். சொன்னவருக்குத் திருப்தி, இவனுக்கும் நஷ்டமில்லை. அதே காதை டாக்டர்களிடமும் கொண்டுபோனதுதான் வினையாகப் போயிற்று.

நாற்பத்து நான்கு வயதில் அவனுக்கு ரத்தக்கொதிப்பு என்று கண்டுபிடித்தார்கள். உப்பைக் குறை, மாத்திரையை விட்டுவிடாதே என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் உப்பைக் குறைத்தான். எல்லாரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தான். மாத்திரைச் சீட்டு சலூன் மேசை இழுப்பறையில் சீப்புகளுக்கு அடியில் கிடந்தது. மூன்று வருடத்தில் இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்துவிட்டன. கல்யாணம் என்று ஒன்று அதற்கு வெகு முன்பே நடந்து முடிந்திருந்தது. சுவரிடம் பேசினால்கூட எதிரொலி வரும், உன்னிடம் அதுவும் வரவில்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் சால்தோவில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பாவம், அவளைக் குறை சொல்ல முடியாது.

அவனுக்கு மிஞ்சியது அக்கா நிபியா. மூன்று வயது மூத்தவள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, புருஷன் போய்ப் பல வருடமாகிவிட்டது. அவள் வீட்டுக்கும் இவன் வீட்டுக்கும் ஒரே முற்றம், நடுவில் ஒரு ஆரஞ்சு மரம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போய்ச் சக்கையாகத் திரும்பி வருகிற தம்பியை அவள் இரண்டு வருடம் பார்த்தாள். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் தலைநகர் மொந்தெவிதேயோவுக்கு பஸ் ஏறினாள். இப்படியே இரண்டு மூன்று தடவை போனாள். உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். கடைசித் தடவை திரும்பி வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவன் வாசலில் நின்று, "பொருந்துதாம்டா. பெட்டியக் கட்டு" என்றாள்.

அப்படித்தான் நிபியாவின் இடது சிறுநீரகம் ஹேபெரின் வலது அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது.

அதற்கப்புறம் எட்டு மணி என்பது அந்த முற்றத்தின் சட்டமாயிற்று. காலை எட்டு, இரவு எட்டு, மூன்று வகை மாத்திரை. உடம்பு தன்னுடையது அல்லாத எதையும் தேடிப்பிடித்து அடிக்கும், அதை அரைத்தூக்கத்தில் வைப்பதற்குத்தான் இந்த மாத்திரைகள் என்று டாக்டர் விளக்கினார். அதை முழுதாகக் கேட்டுக்கொண்டவள் நிபியாதான். தம்பியின் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தாள். இரண்டு சமையலறைகளுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அலாரம் அடிப்பதும், பிறகு குழாயில் தண்ணீர் பிடிப்பதும் இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். குழாய்ச் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் தன் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொள்வாள். நான்காம் வருடம் ஒரு தடவை உடம்பு அந்தச் சிறுநீரகத்தை அடிக்கப் பார்த்தது. ஊசி மருந்து கொடுத்து அதைக் காப்பாற்றினார்கள். அதிலிருந்து அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தாள்.

காலை ஆறரைக்கு ஆரஞ்சு மரத்தடியில் மாத்தே. அந்த ஊரில் மாத்தே குடிக்காதவன் என்று ஒருவனைக் காட்டினால் அவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். சுரைக்குடுக்கை ஒன்று, அதில் பச்சை இலைத்தூள், ஒரே உலோகக் குழல், அக்குளில் இடுக்கிய வெந்நீர் பிளாஸ்க். ஊற்றுகிறவர் முதல் சுற்றைத் தான் குடித்துவிட்டு, மறுபடி நிரப்பி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். போதும் என்கிறவர் நன்றி சொல்வார், அவருக்கு அடுத்த சுற்று கிடையாது. சொல்லாதவரை முறை வந்துகொண்டே இருக்கும். குழலைத் துடைப்பது அவமரியாதை. அக்கா ஊற்ற, தம்பி குடிக்க, பிளாஸ்க் காலியாகும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். ஹேபெர் நன்றி சொல்லி நிபியா கேட்டதே இல்லை. பிறகு அவன் சலூனைத் திறப்பான். அங்கே ஊற்றுகிறவர் வில்மார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், தலையில் வெட்டுவதற்கு ஒரு முடியும் கிடையாது, ஆனாலும் தினம் வந்துவிடுவார்.

கொரோனா வந்த வருடம் இதெல்லாம் ஒரே வாரத்தில் நின்றது. ஹேபெர் சலூனைப் பூட்டினான். நிபியா இருநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள், எந்தப் பிள்ளை எதைக் கொண்டுவருமோ என்று அவளே தன்னை ஒதுக்கிக்கொண்டாள். சாப்பாடு ஜன்னல் வழியாகப் போயிற்று. மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, நடுவில் நாலு மீட்டர். ஆளுக்கொரு குடுக்கை. தானே ஊற்றித் தானே குடிக்கிற மாத்தே வெறும் கசப்புத் தண்ணீர் என்று ஹேபெர் முதல் நாளே சொல்லிவிட்டான். ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கசப்புத் தண்ணீரைத்தான் குடித்தான்.

தடுப்பூசி வந்தபோது அவனைப் போன்றவர்களை முன்வரிசையில் கூப்பிட்டார்கள். இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு, அந்த அட்டையைச் சலூன் கண்ணாடியில் ஒட்டிவைத்தான். பூட்டிய கடைக்குள் அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நிபியா கேலி செய்தாள். உள்ளூர அவளுக்கும் சந்தோஷம்தான். குடுக்கையைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தாள். ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எதையும் மாற்றாதீர்கள் என்று அவனுடைய சிறுநீரக டாக்டர் இத்துரால்டே சொல்லியிருந்தார். குடுக்கை ஜன்னல் கட்டையில் காய்ந்தபடியே இருந்தது.

இதற்கிடையில் மே மாதம் வில்மார் செத்துப்போனார். இருமல் வந்து பன்னிரண்டாம் நாள். சவ வண்டி சலூன் வழியாகத்தான் போயிற்று. அவரைத் தன் கடையில் இருபது வருடம் பெஞ்சில் உட்காரவைத்திருந்தவன், பூட்டிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முகக்கவசத்தோடு நின்று பார்த்தான். அடுத்து நாம்தான் என்கிற பயம் அவனுக்குள் அன்றைக்குத்தான் புகுந்தது.

ஜூனில் பரிசோதனை முடிவு வந்தது. எதிர்ப்புச் சக்தி பூஜ்யம். அக்காவையும் தம்பியையும் எதிரில் உட்காரவைத்து இத்துரால்டே பொறுமையாகச் சொன்னார். வேகமாகப் பேசுகிற பெண்மணி, ஆனால் அன்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஊசி வந்து கதவத் தட்டுதுங்க. உள்ள காவலுக்கு இருக்கிறவங்கள நாமதான மாத்திர குடுத்துத் தூங்க வச்சிருக்கோம். யாரு எந்திரிச்சு வருவா? உங்க மேல தப்பில்ல. மாத்து உறுப்பு வச்சவங்க நெறைய பேருக்கு இப்படித்தான் ஆகுது. செப்டம்பர்ல மூணாவது ஊசி போடுவோம், சில பேருக்கு அதுல எடுபடும்."

மாத்திரையை நிறுத்தினால் எடுபடுமா என்று ஹேபெர் கேட்டான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சில இடங்களில் ஊசிக்கு முன்னும் பின்னும் ஒரு வகை மாத்திரையை மட்டும் ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கிறார்கள் என்றார். ஏற்கெனவே ஒரு தடவை சிறுநீரகம் அடிவாங்கியிருக்கிறது, அதனால் உங்கள் விஷயத்தில் அந்த விஷப்பரீட்சைக்கு நான் வரமாட்டேன் என்றும் சொன்னார். இதில் எந்தப் பாதி ஹேபெரின் காதுக்குள் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நிபியா ஜன்னல் கட்டையில் இருந்த குடுக்கையை எடுத்து உள்ளே ஆணியில் மாட்டினாள். அவன் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் கிட்னியே எனக்குள்ள கெடக்கு. உன் எச்சில் மட்டும் ஆகாதாக்கும்?"

"ஆமா, ஆகாது. போய் உன் நாற்காலியில உக்காரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளே போய் அடுப்படியில் நின்று அழுதாள். ஒற்றைச் செங்கல் சுவர் அதையும் அந்தப் பக்கம் கொண்டுபோயிற்று.

செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஹேபெர் மாத்திரையை நிறுத்தினான். டாக்டர் சொன்னது ஒரு வகை, இவன் நிறுத்தியது இரண்டு. அவர் சொன்னது ஒரு வாரம், இவன் போட்ட கணக்கு ஊசிக்கு முன் இரண்டு வாரம், பின் முடிவு வரும்வரை. ஒன்றை நிறுத்தினால் காவல் பாதி விழிக்கும், இரண்டை நிறுத்தினால் முழுசாக விழிக்கும் என்பது அவன் வைத்தியம். எட்டு மணிக்கு அலாரம் அடிக்கும். அட்டையிலிருந்து மூன்றையும் பிதுக்குவான், ஒன்றை விழுங்குவான், இரண்டைக் காலி பவுடர் டப்பாவில் போடுவான். அதற்கப்புறம் குழாயைத் திறந்து தண்ணீரை நன்றாக ஓடவிடுவான். சுவருக்கு அந்தப் பக்கம் நிபியா தட்டை எடுக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு உறுத்தத்தான் செய்தது. எல்லாம் முடிந்ததும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், அவளும் முதுகில் ஒன்று போட்டுவிட்டுச் சிரிப்பாள் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான்.

உடம்பும் சேர்ந்து அவனை ஏமாற்றியது. அந்த மாத்திரைகளால் ஒன்பது வருடமாகக் கை லேசாக நடுங்கும், சவரக்கத்தியைப் பிடிக்க மணிக்கட்டை மேசையில் ஊன்ற வேண்டியிருக்கும். இரண்டே வாரத்தில் நடுக்கம் நின்றது. நன்றாகப் பசித்தது. பூட்டிய சலூனுக்குள் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே ஒரு கீறல் இல்லாமல் சவரம் செய்துகொண்டான். இத்தனை நாள் மாத்திரைதான் நம்மைக் கெடுத்தது என்றுகூட நினைத்தான். மடையன்.

ஊசி போட்டு நான்கு வாரம் கழித்து ரத்தம் கொடுத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் ஆய்வகத்து நர்ஸ் போன் செய்தாள். எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது, அதுவும் நல்ல அளவில், இந்த வாரம் நான் சொல்கிற முதல் நல்ல செய்தி உங்களுடையதுதான் என்றாள். மற்றப் பரிசோதனைகள் நாளைக்கு வரும் என்றும் சொன்னாள். ஹேபெர் போனைக் கையில் பிடித்தபடியே முற்றத்துக்கு ஓடினான். நிபியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே போய் ஆணியிலிருந்து குடுக்கையை எடுத்து வந்தாள்.

சாயங்கால வெயிலில் இரண்டு நாற்காலிகளையும் ஒட்டிப் போட்டார்கள். முதல் சுற்றை அவள் குடித்தாள். நிரப்பி அவன் கையில் கொடுத்தாள். அவள் வாய் வைத்த குழலில் அவன் வாய் வைத்து உறிஞ்சினான், கடைசிச் சொட்டில் குழல் கறகறவென்று சத்தம் போட்டது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கேட்ட அந்தச் சத்தத்துக்கு இருவருமே சிரித்துவிட்டார்கள். வில்மார் இருந்திருந்தால் இப்படி ஊற்றினால் மாத்தே செத்துப்போகும் என்று திட்டியிருப்பார் என்றான் ஹேபெர். இரண்டு பிளாஸ்க் காலியாயிற்று. எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. அன்றைக்கு அவன் மூன்று மாத்திரைகளையும் விழுங்கினான். சொல்லிவிடலாமா என்று நினைத்தான். இவ்வளவு நல்ல சாயங்காலத்தை ஏன் கெடுக்க வேண்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டான். எழுந்தபோது, செருப்பு வார் காலில் பள்ளமாகப் பதிந்திருக்கிறதே என்று நிபியா கேட்டாள். புதுச் செருப்பு என்றான். அது புதுச் செருப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் இத்துரால்டே தானே கூப்பிட்டார். உடனே வாருங்கள், இரண்டு பேரும் வாருங்கள் என்றார். அறைக்குள் போனதும் முகம் பார்த்துப் பேசாமல் காகிதத்தைப் பார்த்துப் பேசினார். சிறுநீரகப் பரிசோதனை அளவு போன மாதத்தைவிட மூன்று மடங்கு கெட்டிருக்கிறது, ரத்தத்தில் மாத்திரை இருக்க வேண்டிய இடத்தில் மாத்திரையே இல்லை என்றார்.

"எத்தன நாளா சாப்பிடல?"

ஹேபெர் வாயைத் திறக்குமுன் நிபியா முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் இல்ல டாக்டரம்மா. ஆய்வகத்துலதான் தப்பு நடந்திருக்கும். தினம் எட்டு மணிக்கு அலாரம் அடிக்கும், நான் கேப்பேன். கொழாயத் தொறந்து தண்ணி பிடிப்பான், அதையும் கேப்பேன். அதுக்கப்புறந்தான் நான் சாப்பிடவே உக்காருவேன். ஒரு நாள்கூடத் தவறல. நான் சாட்சி."

டாக்டர் ஹேபெரைப் பார்த்தார். அக்கா தனக்காகச் சாட்சி சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவனால் முடியவில்லை. பாதிக் காதுக்காரன், அன்றைக்கு அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டான்.

"கொழாயத் தொறந்துதான் விட்டேன்க்கா. ரெண்ட முழுங்கல."

"எதுக்கு?"

"ஊசி எடுபடணும்னு."

"எதுக்குடா?"

"உன்கூட உக்காந்து மாத்தே குடிக்கணும்னு."

நிபியாவின் கை தன்னையறியாமல் இடது விலாவுக்குக் கீழே, அந்தத் தழும்பின் மேல் போயிற்று. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. டாக்டர், தூங்கிக்கொண்டிருந்த காவல்காரர்களை எழுப்பினால் அவர்கள் ஊசியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கமாட்டார்கள் என்று சொன்னார். நிபியா தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"ஒம்பது வருஷம் உனக்குள்ள இருந்தேன். உன் உடம்புக்கு என்னைத் தெரியலயாடா?"



மொந்தெவிதேயோவில் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள், நரம்பில் மருந்து ஏற்றினார்கள். போன தடவை கேட்ட சிறுநீரகம் இந்தத் தடவை கேட்கவில்லை. நிபியா பள்ளிக்கூடத்தில் விடுப்புப் போட்டுவிட்டு அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையணையைச் சரிசெய்தாள், துண்டை நனைத்து முகம் துடைத்துவிட்டாள், ஆனால் பேசவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

பைசாந்தூவுக்குத் திரும்பியதும் மறுபடி செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். அங்கே பாதிப் பேர் புதுசு, நாற்காலிகள் மட்டும் பழசு. இன்னொரு சிறுநீரகத்துக்குப் பெயர் பதியலாம், ஆனால் உங்கள் ரத்தம் இப்போது எதற்கும் சண்டைக்கு நிற்கிறது, பொருந்துவது கஷ்டம் என்று இத்துரால்டே ஒளிக்காமல் சொன்னார். அதையும் முழுதாகக் கேட்டுக்கொண்டான். சிறுநீர் நின்றுபோனதால் தண்ணீருக்கு அளவு வைத்தார்கள். நாளைக்கு முக்கால் லிட்டர். சூப்பு, பால், பழச்சாறு, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள்தான். மாத்தேயை மறந்துவிடுங்கள், தண்ணீர் மட்டுமல்ல, அந்த இலையில் இருக்கும் பொட்டாசிய உப்பும் இனி ஆகாது என்றாள் அங்கிருந்த நர்ஸ். அவளும் அந்த ஊர்க்காரிதானே. சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தவள், போனால் போகிறது, காலையில் ஒரே ஒரு குடுக்கை என்று தணிந்தாள்.

ஊசி கொடுத்த எதிர்ப்புச் சக்தி மட்டும் அப்படியே இருந்தது. அந்த ஊருக்குக் கோடையான ஜனவரியில் கொரோனா மறுபடி தெருத்தெருவாகச் சுற்றியது. நிபியாவுக்கும் வந்தது, அவளிடமிருந்து இவனுக்கும் வந்தது. இவனுக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகியதோடு சரி.

மார்ச் மாதம் ஒரு காலையில், முற்றத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டு ஹேபெர் வெளியே வந்தான். ஆரஞ்சு மரத்தடியில் இரண்டு நாற்காலிகள் ஒட்டிக் கிடந்தன. நிபியா பிளாஸ்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் குடுக்கை. அவன் தயங்கி நின்றான்.

"உக்காரு. ஆறிப்போயிரும்," என்றாள். அக்டோபருக்குப் பிறகு அவள் அவனிடம் சொன்ன முதல் பேச்சு அது.

முதல் சுற்றை அவள் குடித்தாள். மருந்துக்கடை அளவுக் கோப்பையை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நாற்பது மில்லி வெந்நீர் அளந்து, குடுக்கையில் ஊற்றி நீட்டினாள். அவன் அதைக் கால் மணி நேரம் வைத்துக் குடித்தான். எவ்வளவு மெதுவாக உறிஞ்சினாலும் கடைசியில் குழல் கறகறவென்றுதான் சொல்லிற்று. குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தான். இப்போது நன்றி சொல்ல வேண்டும். அவனுக்கு வாய் வரவில்லை. போதவில்லையே, எப்படிச் சொல்வான்.

நிபியாவும் அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கவில்லை. வழக்கப்படி தன் முறைக்கு ஊற்றிக் குடித்தாள். பிறகு அவன் முறைக்கு ஊற்றினாள். குடுக்கையை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அது ஆறும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆறியதும், அவன் பங்கையும் அவளே குடித்தாள்.